அப்பாவின் போனும் கள்ளச் சான்றிதழ்களும்

போன ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் இருந்து அப்பா பேசினார். "ஏல, நெட்வொர்க்க யாரோ கண்காணிக்கலாம்னு போன்ல வருது. நான் என்ன கடத்தலா பண்ணுதேன்?"

இங்கே புனேயில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த நான் கேஸை அணைத்தேன். அவருடைய பென்ஷன் கணக்கு அந்தப் போனில்தான். விசாரித்தால், தங்கிய லாட்ஜில் ஒரு பையன், இலவச வைஃபைக்கு வேண்டும் என்று ஏதோ சான்றிதழை ஏற்றிக் கொடுத்திருக்கிறான்.

அதென்ன சான்றிதழ்? கொஞ்சம் பழங்கதை பேசுவோமா?

1976-ல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மேன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பொதுச் சாவி என்ற யோசனையை வெளியிட்டார்கள். ஒரு சாவியை ஊருக்கே கொடுக்கலாம். அதனால் பூட்டியதை நம்மிடம் இருக்கும் ரகசியச் சாவிதான் திறக்கும். சரி, "இதுதான் பாங்கின் சாவி" என்று எவனோ நீட்டினால் எப்படி நம்புவது? 1978-ல் எம்.ஐ.டி. மாணவர் லோரன் கோன்ஃபெல்டர் தன் ஆய்வேட்டில் வழி சொன்னார்: நம்பிக்கையான ஒருவர் கையெழுத்திட்ட சான்றிதழ். தாசில்தார் தரும் இருப்பிடச் சான்றிதழ் மாதிரி என்று வையுங்களேன்.

இன்று நம் ஒவ்வொரு போனிலும் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட 'தாசில்தார்கள்' பட்டியலில் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பொதுவாக இதில் யார் கையெழுத்துப் போட்டாலும் போன் நம்பிவிடும்.

2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்து, கூகுள் பெயரில் உட்பட 500-க்கும் மேற்பட்ட கள்ளச் சான்றிதழ்களை அடித்துக்கொண்டார்கள். மாட்டியவர்கள் பெரும்பாலும் இரான் மக்கள். பூட்டுப் படம் அப்படியே இருக்க, ஜிமெயிலை நடுவில் யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள். டிஜிநோட்டார் அதே செப்டம்பரில் திவால். அன்றைய ஆண்ட்ராய்ட் போன்களில் அந்தப் பெயரை நாமாக நீக்க எளிய வழியே கிடையாது. அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்ட் 4.0-தான் அந்த வசதியைக் கொடுத்தது.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவில் இருந்து கூகுள் பெயரில் கள்ளச் சான்றிதழ்கள் வெளியானது தெரியவந்தது. விண்டோஸ் அவற்றை நம்பியது. ஆண்ட்ராய்ட், ஐபோன் பட்டியல்களில் இந்திய அரசின் மூலச் சான்றிதழ் இல்லாததால் போன்கள் தப்பின!

2016-ல் வந்த ஆண்ட்ராய்ட் 7-ல் இருந்து, நாமாக ஏற்றும் சான்றிதழைப் பெரும்பாலான ஆப்கள் ஏற்பதில்லை. ஆனால் குரோம் ஏற்கும். அப்பா பென்ஷன் பார்ப்பது குரோமில்தான்.

செட்டிங்ஸில் செக்யூரிட்டி, அதற்குள் நம்பகச் சான்றுகள், அதில் 'பயனர்' பகுதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அதை நீக்க வைத்தேன். பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று.

"அந்தப் பையன் நல்ல பையன்ல," என்றார் அப்பா.

இருக்கலாம். ஆனால் தாசில்தாரை நியமிக்கும் வேலையை லாட்ஜ் பையனிடம் விடலாமா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மா போனில் அந்த 'பயனர்' பகுதியை ஒரு தடவை திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் நிம்மதி :)