ஒருவருக்கு மூன்று வாக்கு



ஜனநாயகம் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், "பெரும்பான்மை" என்று பிள்ளைகள் சட்டென்று சொல்கிறார்கள். அது பாதிதான் என்பதற்கு நம் கொழும்பு மத்தியே சாட்சி.

1931இல் டொனமூர் யாப்பு 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. அதுவரை சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. ஆனால் அதே யாப்பு இனவாரி ஆசனங்களை நீக்கியது. 1936 தேர்தலில் ஒரு முஸ்லிமும் தெரிவாகவில்லை. ஸாஹிரா அதிபர் டி.பி. ஜாயாவும் ராசிக் பரீதும் நியமனத்தில்தான் அரசாங்க சபைக்குப் போனார்கள்.

சோல்பரி யாப்பு வேறு வழி கண்டது. பல இனத்தவர் கலந்து வாழும் சில இடங்களில் பல அங்கத்தவர் தொகுதிகள் வந்தன. கொழும்பு மத்திக்கு மூன்று ஆசனம். ஒருவருக்கு மூன்று வாக்கு. விரும்பினால் மூன்றையும் ஒரே வேட்பாளருக்கே போடலாம். 1947இல் ஏ.ஈ. குணசிங்க, ஜாயா, பீட்டர் கெனமன் மூவரும் வென்றார்கள். ஒருவர் சிங்களவர், ஒருவர் மலாய் முஸ்லிம், ஒருவர் பறங்கியர்.

பெரும்பான்மை தீர்மானிக்கட்டும், சிறு தொகையினரின் குரலும் சபையில் இருக்கட்டும். நம் பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவிலும் அப்படித்தான். தொடர்மாடியில் இருப்பவர்களையும் தோட்டங்களில் இருப்பவர்களையும் கேட்டே முடிவெடுப்போம்.