சொந்தத் தொழில் தொடங்குவேன் என்று எழுதுவது

எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் "படித்து முடித்ததும் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி இருக்கும். "சொந்தமாக கம்பெனி தொடங்குவேன்" என்று பதில் எழுதுவது இன்று சர்வ சாதாரணம். ஆனால் ஆரம்ப காலத்தில் வணிகப் பள்ளிகள் எதிர்பார்த்த பதில் இது அல்ல. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-ல் தொடங்கியபோது, ஏற்கெனவே இருக்கும் பெரிய நிறுவனங்களை நிர்வகிக்க ஆட்களைத் தயார் செய்வதே முக்கிய வேலையாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அரசாங்க உதவிப் பணத்தில் கல்லூரிகளை நிரப்பினார்கள். 1947-ல் மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் ஹார்வர்டில் புதிய தொழில்களை நடத்துவது பற்றி ஒரு பாடம் ஆரம்பித்தார். முதல் வகுப்பிலேயே 188 மாணவர்கள்!

இதற்குப் பதினைந்து வருடம் கழித்து ஸ்டான்ஃபோர்டில் நடந்த கதை இன்னும் சுவாரஸ்யமானது. பில் நைட் அங்கே எம்.பி.ஏ. மாணவர். ஃபிராங்க் ஷாலன்பெர்கர் என்ற பேராசிரியர் நடத்திய சிறுதொழில் வகுப்புக்காக அவர் ஒரு கட்டுரை எழுதினார். (விண்ணப்பக் கட்டுரை இல்லை, வகுப்புக் கட்டுரைதான். ஆனாலும் விண்ணப்பம் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.) ஜெர்மன் கேமராக்களின் சந்தையை ஜப்பான் கேமராக்கள் பிடித்துவிட்டன, ஓட்டக்காரர்களின் ஷூவிலும் அதே நடக்குமா என்பதுதான் கேள்வி. அப்போது அந்தச் சந்தை அடிடாஸ் மாதிரியான ஜெர்மன் கம்பெனிகளின் கையில் இருந்தது.

உலகை மாற்றுவேன் என்ற பேச்சு இல்லை. ஒரு பொருள், ஒரு நாடு, ஏற்கெனவே நடந்த ஓர் உதாரணம், அவ்வளவுதான். அதை எழுதியவரும் ஆரெகன் பல்கலைக்கழக அணியில் ஓடியவர். எந்த ஷூ காலைக் கடிக்கும் என்று அவருக்குத் தெரியும். "உனக்கு ஏன் இந்தத் தொழில்?" என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

படிப்பு முடிந்ததும் 1962-ல் ஜப்பானுக்குப் போய், கோபே நகரில் ஒனிட்சுகா கம்பெனியைப் பார்த்தார். எந்த கம்பெனியிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். கம்பெனியே கிடையாது! புளூ ரிப்பன் என்று அந்த நிமிடம் வாயில் வந்த பெயரைச் சொல்லி வைத்தார். 1964-ல் அவரும் அவருடைய பழைய பயிற்சியாளர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு அந்தப் பெயரிலேயே வியாபாரத்தை ஆரம்பித்தார்கள். மைதானம் மைதானமாகப் போய், காரில் வைத்து ஷூ விற்றார்.

இன்று விண்ணப்பம் எழுதும் பலருக்கு ஒரு பயம் உண்டு. முதலில் சில வருடம் வேலைக்குப் போவேன் என்று எழுதினால், தொழில் ஆசையே பொய் என்று நினைத்து விடுவார்களோ? நைட் அந்த வருடங்களில் கணக்கராக வேலை பார்த்தார், கல்லூரியில் கணக்கியல் பாடமும் நடத்தினார். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுச் செலவு ஓடியது. பின்னாளில் நைக்கி ஆன அந்த கம்பெனிக்கு அவர் முழு நேரமாக வந்தது 1969-ல்தான்.