எஸ்.ஆர்.எஸ். வரதனின் பெருவிலகல் கோட்பாடு: பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசிப்பு

1. நோக்கம்

அமெரிக்கக் கணிதவியலாளர் வரதனைப் பற்றிய தமிழ்க் குறிப்புகள் பெரும்பாலும் கணிதத்துக்கான 2007ஆம் ஆண்டு ஏபெல் பரிசோடு நின்றுவிடுகின்றன. பரிசு எதற்கு என்பதை எங்கள் பொகவந்தலாவைத் தேயிலை மலையின் கொழுந்துக் கணக்கை வைத்தே விளக்கலாம் என்பது என் துணிபு.

2. தடம் மாறிய மாணவர்

வரதன் 1940 ஜனவரி 2ஆம் திகதி சென்னையில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு, தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டைக் கற்கும் எண்ணத்தோடுதான் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனார். அங்கே வரதராஜன், பார்த்தசாரதி, ரங்கா ராவ் ஆகியோரின் சகவாசம் அவரைத் தூய கணிதத்துக்கு இழுத்துவிட்டது. நெறியாளர் சி.ஆர். ராவ். ரஷ்ய மேதை கொல்மகோரவ் கல்கத்தா வந்திருந்தபோது அவர் முன்னிலையிலேயே தம் ஆய்வை விளக்கும் வாய்ப்பும் கிட்டியது. 1963இல் நியூயோர்க்கின் கூரன்ட் நிறுவனத்தில் சேர்ந்தார்.

3. அபூர்வத்தின் கணக்கு

முழுப் பேர் (ஒரு நாள் முழுச் சம்பளம்) விழ 18 கிலோ கொழுந்து வேண்டும், ஒருவர் சராசரியாக 20 கிலோ பறிக்கிறார் என்று கொள்வோம். ஏதோ ஒரு நாள் நிறுவை குறைந்து அரைப் பேர் போடப்படுவது சகஜம். 30 நாள் சராசரியே 18க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், 60 நாளுக்கு அது ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒன்று. வாய்ப்பு இப்படி மடங்கு மடங்காகக் குறைவதைக் காப்புறுதிக் கணக்கை ஒட்டி சுவீடன் கணிதவியலாளர் கிராமர் 1938இல் நிறுவினார்.

வரதன் 1966இல் இதற்குப் பொதுச் சட்டகம் கொடுத்தார்; அதுவே பெருவிலகல் கோட்பாடு. அபூர்வம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'செலவு' உண்டு. அது பல வழிகளில் நேரலாம் என்றாலும் நேரும்போது மிகக் குறைந்த செலவுள்ள வழியிலேயே நேரும். நம் உதாரணத்தில், மாதச் சராசரி சரிந்திருந்தால் ஓரிரு நாள் அடியோடு படுத்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். கோட்பாடு சொல்வது வேறு: அநேகமாக எல்லா நாளுமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும். 'எந்த நாள் சோம்பினாய்?' என்று கேட்கும் கணக்கப்பிள்ளை இதைக் கவனிப்பது நல்லது.

ஆனால் மேலே சொன்ன கணக்கு, ஒரு நாள் மறு நாளைப் பாதிக்காது என்ற அனுமானத்தில் நிற்கிறது. மலையில் அப்படியா? இன்று வரட்சி என்றால் நாளைக்கும் வரட்சிதான். மலை முழுவதற்கும் நிறுவை ஒன்றாக விழும். நேற்றின் நிலை இன்றும் தொடரும் இத்தகைய மார்க்கோவ் செயல்முறைகளைத்தான் 1975 முதல் கணிதவியலாளர் டொன்ஸ்கரும் வரதனும் அடுத்தடுத்த கட்டுரைகளில் வசப்படுத்தினார்கள். என் மதிப்பீட்டில் ஏபெல் பரிசின் கனதியான பகுதி இதுவே. படிகத்தில் இலத்திரன் நகர்வது பற்றிய போலரான் சிக்கலுக்கும் அவ்விருவரும் 1983இல் இதே வழியில் விடை கண்டனர்.

4. பதவியும் நூலும்

வரதன் கூரன்ட் நிறுவன இயக்குநராக இருமுறை இருந்தார். அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கமும் பெற்றார். டேனியல் ஸ்ட்ரூக்குடன் 1979இல் எழுதிய பரவல் செயல்முறை நூலைப் பதவிகளுக்கெல்லாம் மேலாக வைப்பேன். அதில் இருவரும் விரித்துரைத்த மார்ட்டிங்கேல் வழி இன்று நிகழ்தகவுப் பட்டமேற்படிப்பில் வழக்கமான பாடம்.