காருக்குச் சொந்தக்காரன் யார்?

கார் வாங்குவதற்குப் பணம் போதும். அதற்குச் சொந்தக்காரன் ஆவதற்குப் பணம் மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். ரிஜிஸ்தரில் பெயர் ஏறிவிடுகிறது. மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றியும் ஆகிவிடுகிறது. ஆனால் ஒரு நாள் விளக்கு எரியவில்லையென்றால், சொந்தக்காரர் இறங்கி நின்று, ஜுரம் கண்ட பிறத்தியார் குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்க்கிறாரே தவிர, பானெட்டைத் திறக்கத் துணிவதில்லை. இந்தப் பயம் மோட்டாரோடு கூடப் பிறந்தது அல்ல. அதன் சரித்திரத்தைப் பார்த்தால் தெரியும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம்முடைய மோட்டார் வண்டிக்குப் பேடன்ட் வாங்கியது 1886-இல். இரண்டு வருஷம் கழித்து, 1888 ஆகஸ்டில், அவர் மனைவி பெர்த்தா கணவரிடம் சொல்லாமலே இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமிலிருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். பொறி உண்டாக்கும் மின்கம்பியின் உறை தேய்ந்துபோயிற்று. காலுறையைக் கட்டும் பட்டியை எடுத்து அதன்மேல் சுற்றினார். ஆக, உலகத்தின் முதல் நெடும் மோட்டார்ப் பிரயாணத்திலேயே மின்சாரக் கோளாறும் வந்துவிட்டது. அதைச் சரிசெய்தவர் மெக்கானிக் அல்ல, ஓட்டிப்போன அம்மாள்தான்.

பிறகு காரோடு ஓர் ஆளும் கூட வந்தான். பிரெஞ்சுக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயருக்கு அடுப்பெரிப்பவன் என்றுதான் ஆதியில் அர்த்தம். 1912-இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடியைச் சுற்றிக் கை நோகும் சிரமம் தீர்ந்தது. கூடவே கம்பிகளும் பெருகின. நம் நாட்டிலோ இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கையில் கிரீஸ் படுவது படித்தவனுக்கு அழகல்ல என்ற எண்ணம். முதலாளி பின்ஸீட்டுக்குப் போனார்; வண்டியின் ரகசியமெல்லாம் முன்ஸீட்டிலேயே தங்கிவிட்டது.

இதற்கு விலக்காக ஒருவர் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். ஜி. டி. நாயுடு வெள்ளைக்காரர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோயம்புத்தூரில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்தச் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கிய பிற்பாடு என்ன செய்தார்? பாகம் பாகமாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத படிப்பு அதில் கிடைத்தது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1937-இல் அவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். கழற்றிப் பார்க்கத் துணிந்த கையிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது என்று சொல்லலாம்.

நமக்கு அவ்வளவு பெரிய துணிச்சல் வேண்டாம். நான் கார் வாங்கிய புதிதில், விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் வழியில், மங்கலம்பேட்டைக்கு அருகே ஹாரன் ஊமையாகிவிட்டது. நம் ஊர்ச் சாலையில் ஹாரன் இல்லாமல் போவது, வாயில்லாதவன் சந்தைக்குப் போவது மாதிரி. சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மொதல்ல பீஸைப் பாருங்க சார். மூடிக்குள்ளேயே படம் போட்டிருப்பான்."

"நீங்களே பார்த்துடுங்களேன், பெரியவரே."

"வண்டி உங்களுது சார். நீங்களே கழட்டுங்க, நான் லைட்டு அடிக்கிறேன்."

சாவியை அணைத்தேன். மூடியின் உட்புறத்தில் எந்த பியூஸ் எதற்கு என்று அச்சிட்டிருந்தது. ஹாரனுக்கு உரியதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால், நடுவிலிருந்த மெல்லிய உலோக இழை அறுந்திருந்தது. பியூஸின் தர்மமே அதுதான்: அளவுக்கு மிஞ்சி மின்சாரம் பாய்ந்தால் தான் உருகி, கம்பியைக் காப்பாற்றிவிடும். இப்போதைய தகட்டு பியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லும். பத்து ஆம்பியர் சிவப்பு, பதினைந்து நீலம், இருபது மஞ்சள். அதே அளவில் உபரியாக இருந்த ஒன்றைச் செருகினேன். ஹாரன் வாய் திறந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. புது பியூஸும் உடனே போனால், எங்கேயோ கம்பி உரசுகிறது என்று அர்த்தம். அப்போது பெரிய அளவு பியூஸையோ, சிகரெட் பெட்டித் தாளையோ வைத்து ஏமாற்றினால், பியூஸ் உருகுவதற்குப் பதில் கம்பியே பற்றிக்கொள்ளும். அங்கே நிறுத்திவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியதுதான். மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளின் பக்கமே போகக் கூடாது; அதில் ஓடுவது உயிரை எடுக்கும் அழுத்தம்.

1961-இல் சென்னைப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை ஏற்பட்டு, ஸ்டார்ட்டரும் டைனமோவும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். சாமானுக்குப் பஞ்சம் தீர்ந்தது. கைக்குத்தான் இன்னும் பஞ்சம். பெர்த்தாவின் பிள்ளைகளுக்குப் பதினைந்தும் பதின்மூன்றும்தான் வயது. மேடு வந்தபோதெல்லாம் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். அடுத்த தடவை மூடியைத் திறக்கும்போது, பின்ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பெண்ணையும் பிள்ளையையும் இறங்கி வரச் சொல்லுங்கள். கையில் கொஞ்சம் அழுக்குப் படட்டும்.