நாள்பட்ட தசைநாண் வலியும் அழற்சியெதிர்ப்பு மாத்திரைகளும்

டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென், அசிக்ளோஃபினாக், எட்டோரிகாக்சிப் ஆகியவை ஸ்டீராய்டு அல்லாத அழற்சியெதிர்ப்பு மருந்துகள். மாதக்கணக்கில் விடாத தசைநாண் வலிக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருபவை இவையே. குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் நாண், ‘டென்னிஸ் எல்போ’ வரும் முழங்கையின் வெளிப்புறம், தோள்பட்டையைச் சுழற்றும் நாண்கள், முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள நாண் ஆகியவை இந்த நோய் அடிக்கடி வரும் இடங்கள். மாத்திரையால் சில நாள் வலி தணியலாம். ஆனால் நாணில் ஏற்பட்ட சிதைவை அது சரிசெய்கிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. மருத்துவ இதழ்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தும் மருந்துச் சீட்டு அதற்கேற்ப மாறவில்லை.

நாணுக்குள் நடப்பது

தசையை எலும்போடு பிணைக்கும் நாண் முதல் வகைக் கொலாஜன் இழைகளால் ஆனது. இழைகள் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். உயிரணுக்கள் குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அந்த அளவை நாட்காட்டிபோலப் பயன்படுத்தி, டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் அக்கிலிஸ் நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். உடல் வளர்ச்சி முடியும் சுமார் 17 வயதுக்குப் பிறகு நாணின் மையப்பகுதி ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. நாண் வலி இரண்டு வாரத்தில் தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

நலமான நாணை அறுவை மேசையில் பார்த்தால் வெண்மையாகப் பளபளக்கும். நோயுற்ற பகுதி சாம்பலோ பழுப்போ கலந்த நிறத்தில் மங்கித் தளர்ந்து கிடக்கும். நுண்ணோக்கியில் இழைகள் ஒழுங்கு குலைந்திருக்கும், இடையில் நீர் பிடிக்கும் கூழ்மப் பொருள் மிகுந்திருக்கும், முன்பு இல்லாத மெல்லிய இரத்தக் குழாய்களும் அவற்றோடு நரம்பு முனைகளும் உள்ளே நுழைந்திருக்கும். வீங்கிச் சிவந்த காயத்தில் திரளும் வெள்ளணுக்கள் மட்டும் தென்படுவது அரிது. இத்தாலியரான புட்டூவும் அவரது சகாக்களும் 1976இல் அக்கிலிஸ் நாணில் இதை அழற்சி என்று சொல்லாமல் சிதைவு என்றே வகைப்படுத்தினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷல் டென்னிஸ் எல்போவிலும் இதையே கண்டார். ஆனாலும் ‘டெண்டினைட்டிஸ்’ என்ற நோய்ப் பெயர் சீட்டுகளில் தொடர்ந்தது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், அழற்சி என்ற கட்டுக்கதையைக் கைவிடும் நேரம் வந்துவிட்டது என்று தலைப்பிலேயே சொல்லும் தலையங்கம் ஒன்றை வெளியிட்டது.

மருந்தின் இலக்கு

1971இல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். புரோஸ்டாகிளாண்டின் குறையும்போது வீக்கமும் வலியும் குறைகின்றன. பல் பிடுங்கிய பிறகும், கணுக்கால் பிசகிய அன்றும், மாதவிடாய் வலியிலும் இந்த மாத்திரைகள் நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

நாள்பட்ட நாண் நோயில் அந்த இலக்கே ஐயத்துக்குரியது. சுவீடனின் ஊமியோ நகரில் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன் குழுவினர், வலிக்கும் அக்கிலிஸ் நாணுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அங்குள்ள திரவத்தை எடுத்து அளந்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி, புரோஸ்டாகிளாண்டின் இ2 நலமான நாணில் இருந்த அளவைவிடக் கூடுதலாக இல்லை. கூடியிருந்தது குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்தி.

அழற்சி அறவே கிடையாது என்று சொல்வதும் மிகை. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தோள்பட்டை நாணின் துணுக்குகளை ஆராய்ந்து, நோயின் தொடக்க நிலையில் அழற்சிக்குரிய மூலக்கூறுப் பாதைகள் இயங்குவதைக் கண்டார்கள். அப்படியானால் தொடக்கத்திலேயே மாத்திரை கொடுத்தால் பலிக்குமா? டென்மார்க்கில் இதையே சோதித்தார்கள். மூன்று மாதத்துக்குள் தொடங்கிய அக்கிலிஸ் வலிக்காரர்களில் ஒரு பாதியினருக்கு ஏழு நாள் நாப்ராக்செனும் மறுபாதியினருக்குப் போலி மாத்திரையும் கொடுத்து, இரு சாராரையும் ஒரே உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்த்தார்கள். 2021இல் வெளியான முடிவு: மருந்தால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை.

நோயாளிகளிடம் செய்த சோதனைகள்

இத்தனை பேர் விழுங்கும் மருந்துக்கு, இந்த நோயில் நடந்த நல்ல சோதனைகள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 1992இல் சுவீடனில் அக்கிலிஸ் நோயாளிகள் 70 பேரிடம் இதே வகை மருந்தான பைராக்சிகாமைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது வேறுபாடு ஏதும் தெரியவில்லை. இங்கிலாந்தில் டென்னிஸ் எல்போ வந்த 164 பேரில் சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி, சிலருக்கு இரண்டு வாரம் நாப்ராக்சென், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை தரப்பட்டது. 1999இல் வெளியான இந்த ஆய்வில் நான்காம் வாரம் ஊசி போட்டவர்கள் முந்தினார்கள், நாப்ராக்சென் குழு போலி மாத்திரைக் குழுவின் பக்கத்திலேயே நின்றது. ஓராண்டு முடிவில் மூன்று குழுவிலும் பெரும்பாலோர் ஒரே அளவில் தேறியிருந்தார்கள். ஊசியின் வெற்றியையும் நம்பிவிட முடியாது. 2010இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு, சில வாரம் சுகம் தரும் ஸ்டீராய்டு ஊசி பின்னர் டென்னிஸ் எல்போவைப் பின்னடையச் செய்வதைக் காட்டியது.

மேலே தடவும் களிம்புகளுக்குச் சற்று நல்ல பெயர் உண்டு. டென்னிஸ் எல்போவில் அவை குறுகிய காலத்துக்கு ஓரளவு வலி தணிப்பதாகக் காக்ரேன் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. டைக்ளோஃபினாக் ஜெல்லைத் தடவும்போது இரத்தத்தில் சேரும் மருந்து, மாத்திரையில் சேர்வதில் ஒரு சிறு பங்குதான். வலி தணிந்தே ஆக வேண்டும் என்றால் முழங்கை, குதிகால் போல நாண் தோலை ஒட்டியிருக்கும் இடங்களில் ஜெல்லில் தொடங்குவதே முறை.

நாண் ஆறுவதைத் தடுக்குமா?

ஓடும்போதும் பளு தூக்கும்போதும் ஏற்படும் இழுவிசைக்கு எதிர்வினையாக நாண் சிறிது புதுக் கொலாஜனை உண்டாக்குகிறது. கோபன்ஹேகனில் நலமான இளைஞர்களை 36 கி.மீ. ஓடவிட்டு அளந்தபோது, போலி மாத்திரை எடுத்தவர்களிடம் இந்த உற்பத்தி உயர்ந்தது, இதே வகை மருந்தான இண்டோமெத்தசின் எடுத்தவர்களிடம் உயரவில்லை. எலிகளில் அறுத்துத் தைத்த தோள்பட்டை நாண் எலும்போடு ஒட்டுவதை இண்டோமெத்தசினும் அதே வகையைச் சேர்ந்த செலிகாக்சிபும் தாமதப்படுத்தின. இன்னொரு எலி ஆய்வில், இவ்வகை மருந்தான பாரிகாக்சிப், அறுந்த அக்கிலிஸ் நாண் ஆறும் முதல் நாட்களில் கெடுதலும் பிந்தைய நாட்களில் சிறு நன்மையும் செய்தது. இவை புதுக் காயத்தையும் நலமான நாணையும் பற்றியவை. பழைய நோயுள்ள மனிதருக்கு மாத்திரை கெடுதல் செய்கிறது என்று இவற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

நடைமுறைச் சிக்கல் வேறு. இன்றைய சிகிச்சையின் மையம் படிப்படியாகச் சுமையேற்றும் உடற்பயிற்சி. ஆல்ஃப்ரெட்சனுக்கே அக்கிலிஸ் வலி இருந்தது. அறுவை செய்ய மேலதிகாரி மறுத்ததால், நாண் அறுந்தாலாவது செய்வார்கள் என்று வலியைப் பொருட்படுத்தாமல் பயிற்சி செய்யத் தொடங்கினார், வலி போய்விட்டது என்பது அவரே சொல்லிய கதை. 1998இல் அவர் வெளியிட்ட முறை எளியது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்கும் காலில் முழு எடையையும் தாங்கி, குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். மேலே எழ மறுகாலைப் பயன்படுத்த வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். அறுவைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களும் மீண்டும் ஓடினார்கள். ஓடியாடிப் பழகாதவர்களிடம் பலன் இதைவிடக் குறைவு. இந்தப் பயிற்சியில் எவ்வளவு சுமை கூட்டலாம் என்பதை நோயாளிக்குச் சொல்வது அன்றைய வலியும் மறுநாள் காலை விறைப்பும்தான். தினம் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்பவருக்கு அந்த அளவுகோல் கையில் இல்லை.

கடையில் கிடைக்கும் கூட்டு மாத்திரை

இந்திய மருந்துக் கடைகளில் ‘மூட்டு வலிக்கு ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால் கிடைக்கும் பட்டையின் பின்புறத்தில் மூன்று பெயர்களைக் காணலாம்: அசிக்ளோஃபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., செர்ராட்டியோபெப்டிடேஸ் 15 மி.கி. மூன்றாவது, பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து பிரித்த நொதி. வீக்கம் குறைக்கும் என்று சேர்க்கிறார்கள். இதை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஜப்பானின் டக்கேடா நிறுவனமே, மறுசோதனைகளில் போலி மாத்திரையை இது மிஞ்சாததால் 2011இல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. இங்கே விற்பனை தொடர்கிறது.

மாத்திரையோடு ‘கேஸ் மாத்திரை’ ஒன்றும் சேர்ந்து வருகிறது. பான்டோப்பிரசோல் போன்ற அது இரைப்பைப் புண்ணைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்காது. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது டெல்மிசார்ட்டான் வகையும் கூடவே நீர்மாத்திரையும் சாப்பிடுபவர் இந்த வலிநிவாரணியையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். வயதானவர்களும் நீரிழிவுக்காரர்களும் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய சேர்க்கை இது. இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் மாரடைப்பு அபாயத்தால் 2004இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. டைக்ளோஃபினாக்கை இதய நோயாளிகளுக்குத் தரக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவுறுத்தியது. நாண் நோய் மாதக்கணக்கில் நீள்வதால், ஐந்து நாளுக்கு என்று எழுதிய மாத்திரை அதே சீட்டில் திரும்பத் திரும்ப வாங்கப்படுகிறது. அபாயம் சேர்வது அங்கேதான்.

மாத்திரை உண்மையில் பலிக்கும் இடங்கள்

நாணைச் சுற்றியுள்ள உறை வீங்கும்போதும், தோள்பட்டை நாணில் படிந்த சுண்ணாம்பு கரையும் நாட்களில் இரவெல்லாம் குத்தும் வலியிலும் நடப்பது மெய்யான அழற்சி. அங்கே சில நாள் மாத்திரை பொருந்தும். இன்னொரு கூட்டத்தார் அடிக்கடி நாண் நோயாளிகளாகவே தவறாகக் கருதப்படுகிறார்கள். வயது நாற்பதுக்குள், இரண்டு குதிகாலிலும் வலி, கூடவே இடுப்பிலும் வலி. காலை விறைப்பு சில நிமிடங்களில் விடாமல் அரை மணிக்கு மேல் நீடிக்கும். வலி மாத்திரை போட்ட ஓரிரு நாளில் ஆளே மாறிவிடுவார். இது முதுகெலும்பு வாத நோயாக இருக்கலாம், நாண் எலும்பில் பதியும் இடத்தை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்கும் நிலை. இவரை வாதநோய் மருத்துவரிடம் அனுப்பி, எச்.எல்.ஏ.-பி27 இரத்தச் சோதனையும் முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளின் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துப் பார்ப்பார்கள். நோய் உறுதியானால், இதே நாப்ராக்சென் அவருக்கு முறையான முதல் மருந்து.