ஹோமரே சாவா

ஹோமரே சாவா (பிறப்பு: 6 செப்டம்பர் 1978) ஜப்பான் மகளிர் கால்பந்து அணியின் முன்னாள் தலைவர், நடுக்கள ஆட்டக்காரர். 2011 உலகக் கோப்பையை ஜப்பான் வெல்ல முதன்மைக் காரணமானவர். ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்ற முதல் ஆசியர்.

தொடக்கம்

தோக்கியோ மாநகரப் பகுதியிலுள்ள ஃபுச்சூ நகரில் பிறந்தார். அண்ணனைப் பின்பற்றிச் சிறுவர்களோடு ஆடிப் பழகினார். ஜப்பானில் மகளிருக்கான தேசிய லீக் 1989இல்தான் உருவானது. அதில் யோமியூரி பெலேசா கழகத்துக்காக 12 வயதிலேயே களமிறங்கினார். 1993 டிசம்பரில் பிலிப்பைன்ஸுக்கு எதிராக நாட்டு அணிக்கு முதன்முதலாக ஆடி, அன்றே 4 கோல் அடித்தார்.

1990களின் இறுதியில் பொருளாதாரம் சரிந்தபோது பல நிறுவனங்கள் மகளிர் அணிகளைக் கைவிட்டன. சாவா 1999இல் அமெரிக்கா சென்றார். அங்கு 2001இல் பிறந்த தொழில்முறை லீக் 2003இல் நின்றுபோகும்வரை அட்லாண்டா பீட் அணியில் ஆடினார். பிறகு தாயகம் திரும்பி மீண்டும் பெலேசாவில் சேர்ந்தார்.

2011 உலகக் கோப்பை

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைச் சிதைத்தன. அந்தத் துயரம் ஆறாத நிலையில், நான்கே மாதங்களில் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தது. மெக்சிகோவுக்கு எதிராக சாவா 3 கோல் அடித்தார். காலிறுதியில் ஜெர்மனியை வீழ்த்திய ஒரே கோலுக்கு அவர்தான் பந்தைக் கொடுத்தார்.

ஜூலை 17, ஃபிராங்ஃபர்ட். இறுதிப் போட்டியில் எதிரணி அமெரிக்கா. ஜப்பான் அதுவரை வென்றே இராத அணி. 1–2 எனப் பின்தங்கிய நிலையில் கூடுதல் நேரமும் முடியவிருந்தது. 117ஆம் நிமிடத்தில் ஆயா மியாமா இடப்புறக் கார்னரிலிருந்து பந்தை அனுப்பினார். அருகிலிருந்த கம்பத்தை நோக்கிப் பாய்ந்த சாவா, வலது காலின் வெளிப்பக்கத்தால் அதை வலைக்குள் திருப்பினார். பெனால்டியில் 3–1 என ஜப்பான் வென்றது. ஆசிய அணியொன்று உலகக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. 5 கோல்களோடு தங்கக் காலணியும், சிறந்த ஆட்டத்துக்கான தங்கப் பந்தும் சாவாவுக்கே கிடைத்தன. பிரேசிலின் மார்த்தா தொடர்ந்து 5 ஆண்டுகள் வென்ற ஃபிஃபா விருதும் அவ்வாண்டு அவரிடம் வந்தது.

பிற்காலம்

2012 தொடக்கத்தில் தலைசுற்றல் நோயால் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தவர், மீண்டு வந்து லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் ஆடினார். 2015இல், 36 வயதில், ஆறாவது உலகக் கோப்பையில் பங்கேற்றார். அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று ஜப்பானின் பேரரசியார் கோப்பை இறுதியில், அப்போது தாம் ஆடிவந்த கோபே அணிக்காகத் தலையால் முட்டி அடித்த கோலே வெற்றிக் கோலானது. அதுவே அவரது கடைசி ஆட்டம்.

மரபு

நாட்டுக்காக 205 ஆட்டங்களில் 83 கோல் அடித்த சாவா, இரண்டிலும் ஜப்பான் மகளிரில் முதலிடம் பெற்றவர். 2011இல் கோப்பை வென்ற வீராங்கனைகளில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தவர்கள். ஜப்பானில் மகளிருக்கான முழுமையான தொழில்முறை லீக் 2021இல் தொடங்கியது. ஊதியமும் ஆதரவும் அரிதாயிருந்த காலத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் களத்தை விட்டு அகலாத சாவாவின் உழைப்புக்கு அதில் பெரும்பங்கு உண்டு.