பாடும் பட்டியலும்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "உங்க ஊர்ப் பக்கத்து வரலாறா ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள் சங்கத்து நண்பர்கள். பழவேற்காடு என்றால் 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையையும், ஏரிக்கு வரும் பூநாரையையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட வரலாறு வேறு. நம் கல்லூரி விலங்கியல், தாவரவியல், வேதியியல் வகுப்புகளில் படித்த பலருக்கும் அது சொந்த வரலாறு. 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று நாம் சொல்லிவந்த மருத்துவக் கல்லூரிக் காத்திருப்போர் பட்டியலின் கதை அது.

நான் 1986இல் பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்தேன். முதல் மாதத்தில் வகுப்பில் பாதிப் பேர் 'டெம்பரரி' என்று எல்லோருக்கும் தெரியும். உடம்பு இங்கே, மனசு கீழ்ப்பாக்கத்து மருத்துவக் கல்வி இயக்கக அறிவிப்புப் பலகையில்! திடீரென ஒருநாள் முதல் பெஞ்சு காலியாக இருக்கும். "அவனுக்கு வந்துடுச்சாம்டா, டி.சி. வாங்கப் போயிருக்கான்" என்பார்கள். சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்து வரும். என் பெயரும் பட்டியலில் இருந்தது. என் எண் வரை அது இறங்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. இந்த மலரில் எழுதும் பாக்கியமாவது கிடைத்ததே!

எங்கள் குப்பங்களுக்குக் காத்திருப்பு புதிதல்ல. ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் ஓடும் இடங்களில்தான் இறால் நன்றாகப் படும். அந்த இடங்கள் குறைவு, வலை கட்ட வருபவர்கள் அதிகம். அதனால் உரிமையுள்ள ஊர்களில் தலைக்கட்டு கணக்குப் பார்த்து, சீட்டு எடுத்து, முறை வைத்து இடத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று எனக்கு நல்ல இடம் என்றால் அடுத்த முறை உனக்கு. முறை இல்லாதவன் காத்திருப்பான். ஆனால் யாருக்குப் பின் யார் என்பது ஊருக்கே தெரியும். இந்த ஏற்பாட்டை முழு நியாயம் என்று நான் புகழவில்லை. பாட்டுரிமை இல்லாத குப்பங்களுக்கும் உரிமையுள்ள குப்பங்களுக்கும் சச்சரவுகள் நடந்திருக்கின்றன. வரிசைக்குள் இருப்பவனுக்கு அது நியாயம். வரிசையில் பெயரே இல்லாதவனுக்கு அது சுவர். மருத்துவ இடங்களின் வரலாறும் இதே கதைதான்.

அக்காலத்தில் பி.யு.சி. மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பட்டியல் போட்டார்கள். 1960களில் சென்னை மாநிலத்தில் மருத்துவ இடங்களை மக்கள்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பிரித்தார்கள். பழவேற்காடு அப்போது செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அதிக மார்க் வாங்கியவர் ஒரு மாவட்டத்தில் வெளியே நிற்க, குறைந்த மார்க் வாங்கியவர் பக்கத்து மாவட்டத்தில் உள்ளே போகிறார் என்று வழக்கு வந்தது. 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்சநீதிமன்றம் மாவட்டவாரி முறையை ரத்து செய்தது. பிறகு கல்லூரிகளை 'யூனிட்'டுகளாகப் பிரித்துத் தனித்தனித் தேர்வுக் குழுக்கள் வைத்தார்கள். 1970இல் பெரியகருப்பன் வழக்கில் அதுவும் போயிற்று. மாநிலம் முழுமைக்கும் ஒரே தகுதி வரிசை என்பதற்கு அந்தத் தீர்ப்புகளே வழி திறந்தன.

1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, ஆக மொத்தம் 300. அரை மார்க்கில் நூறு பேர் நின்றார்கள். 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனியாக ஒதுக்கப்பட்டபோது மீனவ சமுதாயத்தவரும் அந்தப் பிரிவில் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் பட்டியலில் மேலே ஏற அது ஒரு படி.

பட்டியல் ஏன் தாமதமாக நகர்ந்தது? முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1986இல் உச்சநீதிமன்றம் அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதத்தை அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு வைத்தது. (எங்கள் ஏரியின் பெரும்பகுதியை வைத்திருக்கும் ஆந்திரா நெடுங்காலம் அதில் சேரவில்லை.) அங்கே நிரம்பாத இடங்கள் கடைசியில் மாநிலத்துக்குத் திரும்பி வரும். வந்தவுடன் இங்கே சங்கிலி அசையும். கீழ்மட்டக் கல்லூரியில் சேர்ந்தவர் மேல்மட்டக் கல்லூரிக்குப் போவார். பல் மருத்துவத்தில் இருப்பவர் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போவார். கால்நடை மருத்துவத்திலிருந்து ஒருவர், வேளாண்மையிலிருந்து ஒருவர், நம் பி.எஸ்ஸி. வகுப்பிலிருந்து ஒருவர் என்று ஆளாளுக்கு நகர்வார்கள். மேலே ஒரு இடம் காலியானால் கீழே ஐந்தாறு பேர் வாழ்க்கை மாறும். ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியில், நம் கல்லூரி போன்ற இடத்தில், காலியான பெஞ்சு பல நேரம் காலியாகவே கிடந்தது. அதற்குள் சேர்க்கை முடிந்திருக்கும். அந்த பெஞ்சுக்காக விண்ணப்பம் போட்டு, கிடைக்காமல் வலைக்குப் போன பையன் ஏதோ ஒரு குப்பத்தில் இருந்திருப்பான்.

அப்படியானால் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே இன்னோர் இடத்துப் பட்டியலில் பெயரை வைத்திருப்பது தவறா? "ரெண்டு தோணியில கால் வைக்காதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏரிக்கரைக்காரனான நான் சொல்கிறேன், கரை ஏறும் வரை கையில் இருக்கும் தோணியை விடவும் கூடாது. மதிப்பெண் தந்த வரிசை மாணவனின் உரிமை. அதை அவன் கைவிட வேண்டியதில்லை. சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, காசு. காத்திருப்பதற்கும் செலவு உண்டு. இங்கே கட்டிய பணம் போகும், அங்கேயும் கட்ட வேண்டும். அசல் மதிப்பெண் சான்றிதழும் டி.சி.யும் சேர்ந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நிம்மதியாகக் காத்திருப்பான். வட்டிக்கு வாங்கிக் கட்டியவன் நடுங்குவான். 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கு ஒரு விதி செய்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு தொகை மட்டும் கழித்துக் கட்டணம் திரும்ப வரும். தாமதமாகத் தாமதமாக அது குறையும்; கடைசி நாள் கழிந்து 30 நாளுக்கு மேல் போனால் ஒன்றும் வராது.

காசு என்ன செய்யும் என்பதற்கு 2020ஆம் ஆண்டே சாட்சி. நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்து, 2017இல் 'நீட்' வந்தபின், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அந்த நவம்பர் கலந்தாய்வில் தனியார் கல்லூரி இடம் கிடைத்தும், கட்டணத்துக்கு வழியில்லாமல் சிலர் விட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பின்தான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. விட்ட இடத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள். ஒரு வாரம் முன்பே தெரிந்திருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

இரண்டாவது, வேண்டாத இடத்தைப் பிடித்து வைப்பது. 2021-22 சேர்க்கை முதல் அகில இந்திய இடங்கள் மாநிலத்துக்குத் திரும்புவதில்லை. நான்கு சுற்றாக அங்கேயே நிரப்புகிறார்கள். முதல் சுற்றில் இடத்தை வேண்டாமென்றால் இழப்பில்லை. பிந்திய சுற்றில் விட்டால் முன்பணம் போகும். 2025இல் முதுநிலை மருத்துவ இடங்கள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம், இடம் பிடித்து வைப்பவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்றும், நாடு முழுவதும் ஒரே கால அட்டவணை வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பட்டியலில் பெயர் இருந்தால் இருக்கட்டும், காத்திருங்கள். அதுவரை இங்கே வகுப்பைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் பட்டியல் இறங்காமலும் போகலாம். விலங்கியல் படித்து வாழ்ந்தவர்கள் இந்தச் சங்கத்தில் எத்தனையோ பேர். ஆனால் 'எனக்கு இது வேண்டாம்' என்று முடிவான அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய் எழுதிக்கொடுத்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். பாட்டில் ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பங்குதான். நீங்கள் விடும் இடத்துக்குப் பின்னால் முறை பார்த்து நிற்பவரை உங்களுக்குத் தெரியாது. அவருக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயம்.

எங்கள் மாவட்டத்துக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. திருவள்ளூரில் இடம் கேட்டு எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் காலம் இது. வரிசை சீக்கிரம் நகரட்டும்.